ஆற்றோர கோல்ஃப் திடலில் முதல் மூன்று ஹோல் ஆடுவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு ஓடும் திடலில் ஸ்கோர் கெடுவது பெரும்பாலும் முதல் முக்கால் மணி நேரத்தில்தான். உடம்பு சூடாகியிருக்காது. இன்றைக்குப் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியாது. கிரீனின் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) வேகம் பிடிபட்டிருக்காது. அந்த நேரம் பார்த்து வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். இதே தண்ணீர் பத்தாவது ஹோலில் (ஆரம்ப அடியிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) வந்தால் எப்படியோ சமாளித்துவிடுவீர்கள். முதல் ஹோலில் வந்தால் இரண்டு பந்து போகும், கூடவே மனநிலையும் போகும், மீதி நாள் முழுக்க எரிச்சலோடு நடக்க வேண்டியதுதான்.

வடசென்னையில் கோல்ஃப் திடல் கிடையாது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் இருந்துகொண்டு ஆடுகிறவர்கள் நந்தனம் வரை போய்த்தான் பழக வேண்டும். ஆபீஸ் டோர்னமென்ட், நண்பர்கள் டூர் என்று எப்போதாவது வெளியூரில் ஓர் ஆற்றோரத் திடல் வாய்க்கும். அப்படிப் போகிறவர்களுக்குத்தான் இது. ஹேண்டிகேப் (ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகை, அதாவது அடிச் சலுகை) 18-க்கு மேல், வலது கை ஆட்டம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் வளைவு பற்றிச் சொல்லும் இடங்களில் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்களுக்கு ரூல்ஸ் பகுதியைத் தவிர இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: முதல் மூன்று ஹோலிலும் போகியையே (பாரைவிட ஓர் அடி கூடுதல்) ‘பார்’ (ஹோலுக்கு விதித்த அடிக் கணக்கு) என்று எழுதி வைத்துக்கொண்டு ஆடுங்கள். 18 ஹேண்டிகேப் என்றாலே ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு ஸ்ட்ரோக் சலுகை உண்டு. ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் (ஒவ்வொரு ஹோலுக்கும் பாயின்ட் தரும் முறை) போகி போட்டாலும் உங்களுக்கு முழுசாக 2 பாயின்ட் வருகிறது. அப்புறம் எதற்கு முதல் டீயிலேயே (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) ஆற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்?

முந்தைய நாள் வீட்டில்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூகுள் மேப்பில் திடலைச் சாட்டிலைட் பார்வையில் திறந்து, தூரம் அளக்கும் வசதியை வைத்து முதல் மூன்று ஹோலையும் அளந்து பாருங்கள். டீயிலிருந்து ஆறு எங்கே ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்பாதை) நெருங்குகிறது, எங்கே விலகுகிறது, கிரீனுக்கு முன்னால் கரை எத்தனை யார்டில் முடிகிறது. இந்த மூன்று எண் போதும். ஒரு சின்னத் தாளில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் எடுத்த படமாக இருந்தால் ஆற்றின் அகலம் மாறியிருக்கலாம். ஆனால் கரை அவ்வளவு சீக்கிரம் நகராது.

பையில் 14 கிளப்தான் (பந்தடிக்கும் மட்டை) அனுமதி என்பது தெரிந்ததே. அந்தப் பதினான்கில் நீங்கள் நம்பி அடிக்கக்கூடிய ஒரு ஹைப்ரிட் (டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட கிளப்) கண்டிப்பாக இருக்கட்டும். முதல் மூன்று ஹோலும் அதை வைத்துத்தான். ‘தண்ணிக்குன்னே’ தனியாகப் பழைய பந்து எடுத்துப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டீயில் நின்று பையைத் துழாவிப் பழைய பந்தை எடுக்கும்போதே கை தயங்க ஆரம்பித்துவிடும். எப்போதும் ஆடும் பந்தையே வையுங்கள், இரண்டு கூடுதலாக இருக்கட்டும். ஒரு துண்டு, ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, டீ டைமுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஓடி வந்து அடிக்கும் முதல் பந்து எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

திடலில் இறங்கியதும்

பிராக்டிஸ் ரேஞ்சில் ஸ்விங்கைத் திருத்த உட்காராதீர்கள். அதற்கான நேரம் அது இல்லை. இன்றைக்குப் பந்து எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. தோள், இடுப்பு தளரும்வரை வெட்ஜில் (குறைந்த தூரத்துக்கான கிளப்) சில பந்து. அப்புறம் அந்த ஹைப்ரிடை எடுத்து ஒரே இலக்கைப் பார்த்து ஆறேழு பந்து அடியுங்கள். பெரும்பாலானவை வலது பக்கம் வளைந்தால் இன்றைக்கு உங்கள் ஆட்டம் வலது வளைவு. சரி, ஏற்றுக்கொள்ளுங்கள். நேராக்க முயலாமல் அந்த வளைவுக்கு இடம் விட்டு அடித்தால் போதும்.

புட்டிங் கிரீனில் குழியைக் குறிவைக்காமல் முப்பது அடி, நாற்பது அடி நீளத்துக்கு உருட்டிப் பாருங்கள். முதல் ஹோல்களில் மூன்று புட் (கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடி) ஆவது திசை தப்பி அல்ல, வேகம் தப்பித்தான். ஆற்றோரத்தில் காலையில் பனி அதிகம் படியும். மழைக்காலத்தில் கேரம் போர்டில் பவுடர் போட்டும் காய் இழுக்குமே, அதே கதைதான். ஏழு மணிக்குப் பந்து பாதியில் நிற்கும். ஒன்பது மணிக்கு அதே அடி குழியைத் தாண்டி ஓடும். ஆகவே முதல் கிரீன்களில் கொஞ்சம் தைரியமாகத் தள்ளுங்கள்.

புட் எப்போதும் ஆற்றுப் பக்கமே சாயும் என்று எல்லாத் திடலிலும் ஒருவர் சொல்வார். பாதி உண்மை. நிலத்தின் இயல்பான வாட்டம் ஆற்றை நோக்கித்தான் இருக்கும். ஆனால் மழைநீர் வடிய கிரீனை வேறு பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கலாம். கிரீனை நெருங்கும்போதே, இருபது முப்பது அடி தள்ளி நின்று, எந்த ஓரம் தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேலே ஏறி நின்ற பிறகு அது கண்ணில் படாது.

கேடி (பையைத் தூக்கி வரும் உதவியாளர்) இருந்தால் காற்றைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

“அண்ணே, காத்து எந்தப் பக்கம்?”

“கொடியைப் பாக்காதீங்க சார், அது பள்ளத்துல இருக்கு. அந்த மரத்து உச்சியப் பாருங்க.”

இந்த ஒரு பதிலுக்கே கேடிக்குத் தரும் காசு தகும். ஆற்றின் மேல் தடுப்பு எதுவும் இல்லாததால் காற்று அங்கே தங்குதடையில்லாமல் ஓடும். டீயில் மரங்களுக்கு நடுவே நிற்கும்போது ஒன்றும் தெரியாது, பந்து மேலே எழும்பிய பிறகுதான் பிடித்துத் தள்ளும். காசிமேட்டு ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: கடலோரத் திடலானால் கோடையில் காலைக் காற்று ஒரு பக்கம், உச்சி நெருங்கும்போது கடற்காற்று வேறு பக்கம். கடைசி ஹோலுக்கு எழுதி வைத்த கணக்கு முதல் ஹோலுக்குப் பொருந்தாது.

கட்டையின் நிறத்தைப் பாருங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆற்றோரத் திடலில் ரூல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் முதல் மூன்று ஹோலிலேயே இரண்டு மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசம் வந்துவிடும்.

கரையோரம் சிவப்புக் கட்டை அல்லது மஞ்சள் கட்டை நட்டிருப்பார்கள். இரண்டுமே பெனால்டி ஏரியா. வெள்ளைக் கட்டை என்றால் திடலுக்கு வெளியே, அது வேறு கணக்கு. சில திடல்களில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சிவப்பு, எதிர்க்கரை வெள்ளை என்று இருக்கும். ஸ்கோர் கார்டின் பின்புறம் உள்ள லோக்கல் ரூல்ஸை முதல் டீயிலேயே படித்துவிடுங்கள்.

பெனால்டி ஏரியாவுக்குள் பந்து போனால், அடிக்க முடிகிற இடத்தில் இருந்தால், அபராதமே இல்லாமல் அங்கிருந்தே அடிக்கலாம். 2019 ரூல் மாற்றத்துக்குப் பிறகு அங்கே கிளப்பைத் தரையில் வைக்கலாம், சருகு, குச்சியை அகற்றலாம். அடிக்க முடியாது என்றால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம். அதன் பிறகு மஞ்சள் கட்டைக்கு இரண்டு வழி. ஒன்று, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிப்பது. இன்னொன்று, பந்து எல்லையைக் கடைசியாகத் தாண்டிய புள்ளியும் குழியும் ஒரே கோட்டில் இருக்கும்படி, எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் போய் டிராப் செய்வது (பந்தைக் கையால் கீழே விடுவது). சிவப்புக் கட்டைக்கு இந்த இரண்டோடு மூன்றாவது வழியும் உண்டு: தாண்டிய புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல் டிராப். நீளம் அளப்பது புட்டரைத் தவிர்த்துப் பையிலேயே நீளமான கிளப்பால்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ‘தாண்டிய புள்ளி’. பந்து தண்ணீரில் ‘டுப்’பென்று விழுந்த இடம் அல்ல, கட்டைகளை இணைக்கும் கோட்டைக் கடந்த இடம். 180 யார்டில் விழுந்த பந்து 90 யார்டிலேயே ஆற்றின் மேல் போயிருக்கலாம். அப்படியானால் டிராப்பும் 90 யார்டுக்குப் பக்கத்தில்தான். ஆகவே பந்து வளைந்து போகும்போது தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்தக் கட்டைக்கு நேராகக் கடந்தது என்று கண் அதன் மேலேயே இருக்கட்டும். கூட ஆடுபவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. பந்து அந்தப் பரப்புக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே உருண்டால் இன்னொரு தடவை டிராப். மறுபடியும் உருண்டால், இரண்டாவது டிராப்பில் தரையை முதலில் தொட்ட இடத்தில் கையால் வைத்துவிடலாம். ஆற்றங்கரைச் சரிவில் இது அடிக்கடி தேவைப்படும்.

இன்னொன்று. பந்து தண்ணீருக்குள் போனது உறுதியாகத் தெரிய வேண்டும், அல்லது கிட்டத்தட்ட உறுதியாக, அதாவது 95 சதவீதமாவது. இல்லையென்றால் அது காணாமல் போன பந்து. தேட மூன்று நிமிடம், கிடைக்காவிட்டால் டீக்குத் திரும்ப வேண்டும். கரையில் புதர் இருந்து, பந்து அதில் சிக்கியிருக்கலாம் என்றால் புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட மாற்றுப் பந்து) அடித்துவிட்டுப் போங்கள். ஆற்றைத் தவிர வேறு எங்கும் போயிருக்க வழியில்லை என்றால் புரொவிஷனல் அடிக்க ரூல் இடம் தராது. அப்படி அடித்த பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், அது உங்கள் மூன்றாவது ஸ்ட்ரோக்.

முதல் ஹோல்: பக்கவாட்டில் ஆறு

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 380 யார்டு, பார் 4, வலது பக்கம் கடைசி வரை ஆறு. டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) நன்றாகப் பட்டால் 210 யார்டு போகிறது. மீதி 170. அந்த 170-ஐ ஹைப்ரிடால் அடித்து, வலது ஓரம் தண்ணீரை உரசும் கிரீனில் நிறுத்த வேண்டும். நிற்காது. கிரீனுக்குப் பக்கத்தில் எங்கேயோ விழும், ஒரு சிப் (கிரீன் ஓரத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி), இரண்டு புட், மொத்தம் 5.

இப்போது டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ஹைப்ரிட் 170, 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) 130, மீதி 80, ஒரு வெட்ஜ், இரண்டு புட். அதுவும் 5. டிரைவர் உங்களுக்குச் சம்பாதித்துத் தந்தது ஒன்றுமில்லை, ஆற்றில் விழும் வாய்ப்பைத் தவிர. இந்தக் கணக்கை டீயில் நின்று போடாதீர்கள், வீட்டிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். டீயில் நாலு பேர் டிரைவரோடு நிற்கும்போது கணக்கு ஓடாது, ரோஷம்தான் ஓடும்.

ஆறு வலது பக்கம் என்றால், டீ பாக்ஸின் வலது ஓரத்தில் பந்தை வையுங்கள். கேட்க முரணாக இருக்கும். ஆனால் அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் விரிந்து தெரியும், ஆற்றைவிட்டு விலக்கி அடிப்பது சுலபம். டீ மார்க்கருக்குப் பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை போகலாம் என்பதால், சமதளமான இடம் கிடைக்கும்வரை பின்னால் போங்கள். இலக்கை மரம், கட்டடம் என்று தூரத்தில் ஒன்றாக முடிவு செய்து, அந்தக் கோட்டில் பந்துக்கு ஓரடி முன்னால் ஒரு சருகையோ புல் திட்டையோ குறித்துக்கொள்ளுங்கள். கிளப்பின் முகத்தை அதற்கு நேராக வைத்துவிட்டு அப்புறம் காலை வையுங்கள். தண்ணீர் இருக்கும்போது உடம்பு தன்னையறியாமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும், ஆனால் கிளப் முகம் திறந்தே இருக்கும். விளைவு, பயந்த பக்கமே பந்து வளையும்.

இடது ரஃபில் (ஃபேர்வே ஓரத்து நீண்ட புல்) விழுந்தால் கவலைப்படாதீர்கள். அங்கிருந்து 7 அயர்ன் அடிக்கலாம். இடது பக்கம் வெள்ளைக் கட்டை இருந்தால் மட்டும் இலக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது அடியில் ஒரு நுணுக்கம். ஆற்றோர ஃபேர்வே பெரும்பாலும் ஆற்றுப் பக்கம் சரிந்திருக்கும். ஆறு வலது பக்கம் இருந்தால் நீங்கள் ஆற்றைப் பார்த்து நிற்பீர்கள், பந்து காலுக்குக் கீழே இருக்கும். அப்படிப்பட்ட பந்து வலது பக்கம் போகும், அதாவது ஆற்றுக்கு. ஆறு இடது பக்கம் என்றால் மேட்டைப் பார்த்து நிற்பீர்கள், பந்து காலுக்கு மேலே. அது இடது பக்கம் இழுக்கும், மறுபடியும் ஆற்றுக்கு. எந்தக் கரையானாலும் சரிவு பந்தை ஆற்றுக்கே அனுப்பும், இடது கைக்காரருக்கும் இது மாறாது. சரிவில் நின்றால் வழக்கமான இலக்கைவிடப் பத்துப் பதினைந்து யார்டு மேட்டுப் பக்கம் குறிவையுங்கள், முக்கால் வேகத்தில் அடியுங்கள்.

இரண்டாவது ஹோல்: முன்னால் ஆறு

பார் 3, கொடி 140 யார்டில். எதிர்க்கரை 122-இல் முடிகிறது, கிரீனின் பின் ஓரம் 154. உங்கள் 7 அயர்ன் 130 யார்டு போகும் என்று சொல்வீர்கள். அது நன்றாகப் பட்டால். சுமாராகப் பட்டால் 115, நேராகத் தண்ணீர். 150 போகும் கிளப்பை எடுங்கள். நன்றாகப் பட்டால் கிரீனின் பின்பகுதி, சுமாராகப் பட்டால் 135, கிரீனின் முன்பகுதி. இரண்டும் உலர்ந்த பந்து. கொடியை மறந்துவிடுங்கள். எதிர்க்காற்று என்றால் இன்னும் ஒரு கிளப் கூட்டி, மெதுவாக. பலமாக அடித்தால் பந்து அதிகம் சுழன்று மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும்.

தண்ணீரில் போட்டுவிட்டால் டிராப்பிங் ஜோன் (டிராப் செய்யக் குறித்த இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அதுதான் நல்ல வழி.

கிரீனுக்கு முன்னால் ஓடை இருப்பது பார் 3-க்கு மட்டுமான சோதனை இல்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் முதல் ஹோலே அப்படித்தான். பார் 4, கிரீனுக்கு நேர் முன்னால் ஸ்வில்கன் ஓடை. ஃபேர்வேயோ பதினெட்டாவது ஹோலோடு சேர்ந்து அவ்வளவு அகலம். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களே பலர் டீயில் அயர்னை எடுப்பார்கள், இரண்டாவது அடி எங்கிருந்து வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு.

மூன்றாவது ஹோல்: ஆற்றோடு வளையும் பார் 5

இது சபலத்தின் ஹோல். வளைவின் குறுக்கே ஆற்றின் மேல் அடித்தால் ஐம்பது யார்டு மிச்சம் என்று ஒரு குரல் கேட்கும். 500 யார்டு என்றால் ஹைப்ரிட் 170, 7 அயர்ன் 130, இன்னொரு 7 அயர்ன் 130, மீதி 70, வெட்ஜ், இரண்டு புட். ஆறு ஸ்ட்ரோக், போகி. குறுக்கே போக வேண்டிய அவசியமே இல்லை. வளைவின் வெளிப்பக்கமாக, ஆற்றைவிட்டு விலகி நடந்து போங்கள். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் பல இடங்களில் கிரீன் முழுசாகத் திறந்தும் தெரியும்.

கரையில் மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் இருக்கலாம். பந்து அந்தப் பக்கம் திரும்பியதுமே ‘ஃபோர்’ என்று கத்துங்கள், வெட்கம் பார்க்காமல்.

தண்ணீரிலிருந்தே அடிக்கலாமா?

துண்டும் சாக்ஸும் இதற்குத்தான். 1998 அமெரிக்கப் பெண்கள் ஓபன், விஸ்கான்சினில் ஷெபாய்கன் ஆற்றோரம் பீட் டை வடிவமைத்த பிளாக்வுல்ஃப் ரன் திடலில் நடந்தது. பிளேஆஃபின் (ஸ்கோர் சமமானால் நடக்கும் தீர்வு ஆட்டம்) பதினெட்டாவது ஹோலில் தென்கொரியாவின் பாக் சே-ரியின் பந்து தண்ணீர் ஓரச் சரிவுப் புல்லில் நின்றது. இருபது வயதுப் பெண். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நின்று அடித்தார். கிரீனைக் குறிவைக்கவில்லை, பந்தை வெளியே எடுத்தார், அவ்வளவே. ஆட்டம் நீண்டு கடைசியில் பட்டமும் வென்றார். மறுவருடம் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில், பிரிட்டிஷ் ஓபனின் கடைசி ஹோலில், மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த பிரான்ஸின் ஜான் வான் டி வெல்டும் பேரி ஓடைக்குள் வெறுங்காலோடு இறங்கினார். பந்து மூழ்கிக்கொண்டிருந்தது. யோசித்து, ஏறி வந்து டிராப் எடுத்தார். அந்த ஹோலில் 6 போட்டிருந்தால் பட்டம், 7 போட்டார், பிளேஆஃபில் தோற்றார். ஆனால் டிராப் எடுத்தது தப்பில்லை. அதற்கு முன் அடித்த அடிகள்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

நமக்கு எளிய கணக்கு: பந்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால், கால் ஊன்றத் தரை கெட்டியாக இருந்தால், பக்கவாட்டில் வெளியே எடுக்க மட்டும் முயலலாம். அதற்குக் குறைவென்றால் டிராப். ஓடும் தண்ணீரில் பந்து நகர்ந்துகொண்டிருந்தாலும் அடிக்க ரூல் அனுமதிக்கிறது, ஆனால் நல்ல இடத்துக்கு மிதந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் ஊர் ஆற்றில் சேறு எவ்வளவு ஆழம் என்று கேடியைக் கேட்காமல் இறங்கவே இறங்காதீர்கள். புதரில் கையைவிட்டுத் துழாவுவதும் வேண்டாம், பாம்பு இருக்கும். அந்தப் பந்து போனால் போகட்டும்.

ஸ்டேபிள்ஃபோர்டு ஆட்டமாக இருந்து, பாயின்ட் வர வழியில்லை என்றால் பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடந்துவிடுங்கள். பின்னால் வரும் குழு வாழ்த்தும்.

நாலாவது டீயில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஹைப்ரிடில் அடித்த மூன்று நாலு பந்தும் காலையில் ரேஞ்சில் பார்த்தபடியே வளைந்ததா? ஆமாம் என்றால், ஆறு தள்ளி இருக்கும் முதல் அகலமான ஃபேர்வேயில் டிரைவரை எடுக்கலாம். ஒன்று வலது, ஒன்று இடது என்று போயிருந்தால், இன்னும் இரண்டு ஹோல் ஹைப்ரிடே இருக்கட்டும்.